தற்காலிகம் என்று வரைபடத்தில் எழுதாதீர்கள்: ஏதிலியர் வீடு வடிவமைக்கப் புதிதாக வருபவர்களுக்கு

வியாசர்பாடியில் நான் வளர்ந்த தெருவில் பாதி வீடுகள் பர்மாவிலிருந்து வந்தவர்கள் கட்டியவை. 1962-ல் அங்கே ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் கடை, வங்கி, மில் எல்லாம் அரசுடைமை ஆயின. கையில் எதுவும் இல்லாமல் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். "கொஞ்ச நாளைக்கு இங்க இருங்க" என்று அவருக்குக் காட்டிய இடத்தில்தான் எங்கள் வீடு இன்றும் நிற்கிறது. முதலில் கீற்று, அப்புறம் ஓடு, அப்புறம் தளம், தளத்துக்கு மேல் ஒரு மாடி. இதில் எதற்கும் யாரும் வரைபடம் போட்டதில்லை.

இங்கிருந்து செங்குன்றம் போகிற வழியில், புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இன்னும் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி முகாம். 1983 ஜூலைக்குப் பிறகு படகேறி வந்தவர்களுக்காக இப்படி மாநிலம் முழுக்க ஏற்படுத்திய முகாம்களில் பத்துக்குப் பத்தடி அறைகளும் தற்காலிகம்தான். அந்தத் தற்காலிகத்தில் பிறந்த பிள்ளைகள் இன்று அங்கேயே தங்கள் பிள்ளைகளை வளர்க்கிறார்கள்.

கட்டடக்கலை கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகளும், வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆன பொறியாளர்களும், தொண்டு நிறுவனம் வழியாக வருகிறவர்களும் அடிக்கடி என்னிடம் கேட்கிற கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் வடசென்னை. உங்கள் ஊர் வேறு என்றால் மண்ணையும் காற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: எத்தனை வருஷம்?

அதிகாரி "ஐந்து வருஷம்" என்பார். நன்கொடையாளர் "மூன்று" என்பார். நீங்கள் மனசுக்குள் முப்பது என்று போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வருஷத்துக்கென்று கட்டிய வீட்டில் குடும்பம் முப்பது வருஷம் இருந்தால் அதன் ஒழுகலும் துருவும் அவர்கள் தலையில்தான் விழும். முப்பது வருஷ வீட்டை ஐந்தே வருஷத்தில் காலி செய்தால் அடுத்து வருகிறவருக்கு ஒரு நல்ல வீடு மிஞ்சும். நீடித்து நிற்கிற வீடு என்பதற்கு இந்த வேலையில் முதல் பொருளே இதுதான். சோலார் பலகை எல்லாம் அப்புறம்.

இரண்டாவது: நிலம் யாருடையது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அளவு நாடாவைப் பிரிக்காதீர்கள். பர்மாவிலிருந்து வந்தவர்களும், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களும் "தாயகம் திரும்பியோர்" என்ற கணக்கில் வந்தார்கள். 1983-க்குப் பிறகு வந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை, அவர்கள் அகதிகள். அகதிகளின் உரிமைகளைச் சொல்கிற 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. முகாம் நிலம் பெரும்பாலும் அரசுடையது. குடியிருப்பவர் கையில் பட்டா இருக்காது. ஆகவே ஒரு சுவரை நகர்த்துவதானாலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் மறுவாழ்வுத் துறையையும் கேட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் பிற்காலத்தில் செய்ய நினைக்கிற மாற்றத்தை இன்றைக்கே அனுமதி பெற்ற வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போட்டு வைத்துவிடுங்கள். நாளைக்கு அவர் ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கும் வேலை கொஞ்சம் குறையும்.

மூன்றாவது: உட்கார்ந்து கேளுங்கள்

முகாமில் ஆட்களைச் சரிபார்க்கிற தணிக்கை நாளன்று எல்லோரும் இருப்பார்கள், ஆனால் அன்றைக்குப் பேசப் போகாதீர்கள். வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு அலுத்தவர்களிடம் போய் "உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்" என்று கேட்பது நாகரிகமாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள். ஆண்களில் நிறையப் பேர் பெயின்டிங் வேலைக்குப் போகிறவர்கள், அன்றைக்குத்தான் வீட்டில் இருப்பார்கள்.

சொற்களைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்துப் பக்கம் இருந்து வந்த முதியவர்கள் சமையலறையைக் "குசினி" என்பார்கள். அங்கே பழைய வீடுகளில் குசினி பெரிய வீட்டை விட்டுத் தள்ளி, "வளவு" என்கிற வீட்டைச் சுற்றிய நிலத்துக்குள் தனியாக நிற்கும். புகை படுக்கிற இடத்துக்கு வரக்கூடாது என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. மலையகத்திலிருந்து வந்தவர்களிடம் "வரிசையாகப் பத்து வீடு" என்று நீங்கள் வாய் திறந்தாலே "திரும்பவும் லயமா?" என்பார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூன்று தலைமுறை கிடந்தவர்கள் அவர்கள்.

நான் முதன்முதலில் வரைந்த வீட்டில் குளியலறைக் கதவு நேரே தெருவைப் பார்த்திருந்தது. காற்றோட்டத்துக்கு அதுதான் நல்லது என்று பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஓர் அக்கா வரைபடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, தலை துவட்டிக்கொண்டு வெளியில வாற பிள்ளை எந்தப் பக்கம் திரும்புறது?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கதவுக்கும் இந்தக் கேள்வியைப் போட்டுத்தான் வரைகிறேன்.

கேட்க வேண்டியவை வேறு சில: தையல் மெஷின் இருக்கிறதா, அது எந்த வெளிச்சத்தில் நிற்கும்? ஏணியும் பெயின்ட் டப்பாவும் ராத்திரி எங்கே? வயசானவருக்குத் தரையில் படுக்கை முடியுமா? மகளுக்குக் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை எங்கே தங்குவார்?

அளவு

பேரிடர்க் காலத்தில் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஸ்பியர் கையேடு, ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் மூடிய இடம் வேண்டும் என்கிறது, சமைக்கிற இடமும் குளிக்கிற இடமும் தனி. பத்துக்குப் பத்தடி அறை என்பது 9.3 சதுர மீட்டர். அதாவது இரண்டரை ஆள். ஐந்து பேர் குடும்பத்துக்கு 17.5 சதுர மீட்டர், சுமார் 190 சதுர அடி வேண்டும். அதுவும் உயிர் காக்கிற கணக்குத்தானே ஒழிய, முப்பது வருஷம் வாழ்கிற கணக்கு அல்ல. 300 சதுர அடிக்குக் கீழே இறங்கச் சொன்னால் சண்டை போடுங்கள்.

சண்டைக்குத் துணையாக ஒரு கணக்கு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்த திட்டத்தில், பழுதடைந்த 7,469 முகாம் வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வகுத்துப் பாருங்கள், வீட்டுக்கு 3.1 லட்சம். அன்றைய மதிப்பீடு அது. இன்றைக்கு எம்-சாண்ட், கம்பி விலையைப் போட்டு நீங்களே உங்கள் கணக்கைத் தயாராக வைத்திருங்கள். விலை தெரியாத வடிவமைப்பாளரை மேஸ்திரி முதல் நாளே கண்டுகொள்வார்.

தரை எவ்வளவு உயரம்?

வடசென்னையில் பாதி வடிவமைப்பு இந்த ஒரு கேள்விதான். கொடுங்கையூர், வியாசர்பாடிப் பக்கம் களிமண். எண்ணூர், காசிமேடு பக்கம் மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். நடுவே பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், வடக்கே கொசஸ்தலையாறு. வடகிழக்குப் பருவமழையோடு கடலில் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் தண்ணீருக்குப் போக வழியில்லை.

ஆவணங்களைத் தேடுவதற்கு முன் சுவர்களைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின் கோடு எது, 2023 மிக்ஜாம் புயலின் கோடு எது என்று தெருக்காரர்கள் கையை வைத்துக் காட்டுவார்கள். எண்ணூரில் 2023 கோட்டைத் தேடவே வேண்டாம். வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அதைக் கறுப்பாகவே வரைந்துவிட்டுப் போனது. கொத்தனாரிடம் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாய்) வாங்கி, இரண்டில் உயரமான கோட்டை உங்கள் மனைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் ஒன்றரை அடியில் தரை.

இதோடு முடியவில்லை. சென்னையில் ரோடு வளரும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, எங்கள் தெருவில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். முப்பது வருஷத்து ரோட்டை மனசில் வைத்து இன்னும் ஓரடி சேர்த்துக்கொள்ளுங்கள். உயரம் கூடினால் படி கூடும். படிக்குப் பக்கத்தில் வயசானவர்களுக்குச் சாய்தளம் வேண்டும். அந்த உயரத்தையே முன்பக்கம் இரண்டடி அகலத் திண்ணையாக நீட்டினால் செலவு கொஞ்சம்தான். பகலில் காய்கறி அரியவும் ராத்திரி ஆண்கள் படுக்கவும் ஆகும்.

களிமண் வெயிலில் வெடித்து மழையில் உப்பும். அங்கே சாதாரணக் கடைக்கால் போட்டால் இரண்டாம் வருஷமே ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் கிளம்பும். அண்டர்-ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் போல அகலப்படுத்திய கான்கிரீட் தூண், மண்ணுக்குள் போட்டு, தலையை பீமால் கட்டுங்கள். மண் பரிசோதனைக்குப் பணம் இல்லை என்பவரிடம் பக்கத்துத் தெரு விரிசல்களைக் காட்டினால் போதும்.

கழிப்பறை

வீட்டுக்குள் ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்பது முகாம் போடுகிற முதல் மாதங்களுக்கான கணக்கு. இதை எந்தப் பெண்ணிடமும் போய் நியாயப்படுத்த முடியாது. நிலத்தடி நீர் மேலே இருக்கிற இடத்தில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. மழைக்காலத்தில் குழியிலிருக்கிற தண்ணீர்தான் வீட்டுக்குள் வரும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். கழிப்பறைத் தரையை வீட்டுத் தரையை விட அரையடி ஏற்றுங்கள். பார்க்க விகாரமாக இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். ஒரு நவம்பர் மாதம் அவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

வீடுகளை எப்படி நிறுத்துவது?

பட்டாளத்துக் கொட்டகை மாதிரி நேர்க்கோட்டில் வேண்டாம். ஆறு அல்லது எட்டு வீடு ஒரு முற்றத்தைப் பார்த்து நிற்கட்டும், முற்றத்தில் ஒரு வேம்போ புங்கையோ. குழந்தை எங்கே ஓடுகிறது என்று எந்தக் குசினியிலிருந்தும் தெரிய வேண்டும். வீட்டுக்கும் வீட்டுக்கும் குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி விடுங்கள். கோடையில் குடிசை பற்றினால் அடுத்த குடிசை எத்தனை நிமிஷத்தில் பிடிக்கும் என்பதை வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். கிழக்கு, மேற்குச் சுவர்கள் குட்டையாக இருக்கட்டும். மேற்கு ஓரத்தில் குளியலறையையும் சாமான் வைக்கிற இடத்தையும் போட்டால், பிற்பகல் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். வடக்கு ஜன்னலுக்கு நிழல் தேவையில்லை என்று வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம்தான் சாயும். அக்னி நட்சத்திரமும் அதற்குள்தான் வருகிறது. வடக்குக்கும் சன்ஷேடு போடுங்கள்.

சுவர்

அனல் மின் நிலையங்களின் சாம்பல் இங்கே மலை மலையாகக் கிடக்கிறது. கொசஸ்தலையாற்றைக் கெடுப்பதில் அதற்கும் பங்குண்டு. ஆகவே உலர் சாம்பல் செங்கல் இந்தப் பகுதிக்குப் பொருத்தமானது. சூளைக்கு விறகும் வயல் மண்ணும் வேண்டாம், லாரி வாடகையும் குறைவு. அந்தக் கல்லை, கேரளத்தில் வேலை செய்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில், கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் குழி விட்டுக் கட்டினால், ஒன்பது அங்குலச் சுவருக்குக் கால்வாசிக் கல் மிச்சம். நடுவிலுள்ள காற்று வெயிலையும் மெதுவாக்கும். "இது நிக்காது சார்" என்று கொத்தனார் சொல்வார். வாதாடாதீர்கள். நாலடிக்கு நாலடி மாதிரிச் சுவர் ஒன்று கட்டச் சொல்லி, காய்ந்ததும் அவரையே உதைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளக் கோட்டுக்குக் கீழே மட்டும் குழி விடாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும். மூலைகளிலும் கதவு ஓரங்களிலும் அப்படியே.

ஐந்து சதவீத சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல்லை ஆரோவில்லில் அழகாகச் செய்கிறார்கள். தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிற மனைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கூரை

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது வடசென்னையில் தகரமும் சிமென்ட் ஷீட்டும் காகிதம் போலப் பறந்தன. சென்னைக் கட்டடங்களுக்கு இந்தியத் தரக்குறியீடு வைத்திருக்கிற அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அதைத் தாங்குகிற கொக்கியும் போல்ட்டும் போட்டால் ஷீட் கூரையின் மலிவு போய்விடும். மே மாதத்து மத்தியானம் ஷீட்டுக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், மீதி விவாதம் தேவைப்படாது.

தளம் போடுங்கள். முடிந்தால் நிரப்புத் தளம்: தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது. அங்கே கம்பிச் சட்டத்துக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போட்டால், சிமென்டும் மிச்சம், ஓட்டுக்குள்ளிருக்கும் காற்றால் சூடும் குறைவு. இதைக் கண்ணால் பார்த்துச் செய்துவிடாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கடல் பக்கம் என்பதால் கம்பியை மூடுகிற கான்கிரீட் உறையின் கனம் குறையக்கூடாது. உப்புக்காற்று உள்ளே போய்த் துருப்பிடித்தால் கம்பி பருத்து, தளம் அடியில் பெயர்ந்து தூங்குகிறவர் மேல் விழும்.

மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு என்று நம் பழைய முறையே போதும். அதற்கு மேல் வருஷா வருஷம் பங்குனியில் இரண்டு கை வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பில் கொஞ்சம் பெவிகால் கலந்தால் உதிராது. வீட்டுக்குள் சில டிகிரி இறங்கும். பெயின்டிங் வேலைக்காரர்கள் நிறைந்த முகாமில் இதற்கு வெளியாள் தேவையில்லை, சுண்ணாம்புக்கும் அவர்கள் கூலிக்கும் ஆண்டுதோறும் ஒதுக்கீடு இருந்தால் போதும்.

காற்று, கொசு

கடற்காற்று மத்தியானத்துக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து ஏறும். எதிரெதிர்ச் சுவரில் திறப்பு வைத்தால்தான் அது உள்ளே வந்து வெளியே போகும். உயரத்தில் செங்கல் ஜாலி (இடைவெளி விட்டுக் கட்டுகிற சுவர்) விட்டால் சூடு மேலேறிக் கழியும். ஆனால் வலை இல்லாத ஜன்னலை வடசென்னையில் சாயங்காலம் ஐந்தரைக்குச் சாத்திவிடுவார்கள், கொசு. உங்கள் காற்றோட்டப் படம் அத்தோடு சுருண்டது. ஜன்னல் செலவிலேயே வலையைச் சேருங்கள், "பிற்பாடு" என்று ஒப்பந்ததாரர் தள்ள விடாதீர்கள். குப்பை மேட்டுப் புகை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது ஸ்பியரின் குறைந்தபட்சம். ஒரு பிளாஸ்டிக் குடம். இந்திய நகரத் தரமோ 135 லிட்டர். குழாயடிச் சண்டை இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்தான் நடக்கிறது. 300 சதுர அடி மொட்டைமாடியில் வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை விழுந்தால், வீணாவது போக முப்பதாயிரம் லிட்டர் கிடைக்கும். அது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிடுவதால் வீட்டுக்கு ஒரு தொட்டி கட்டுப்படியாகாது. நாலைந்து வீட்டுக்குச் சேர்த்து முற்றத்தடியில் ஒன்று கட்டலாம். வெள்ளம் புகாதபடி அதன் வாய் தரைமட்டத்துக்கு மேல் இருக்கட்டும். அதே மொட்டைமாடியில் சோலார் பலகையும் வைப்பதானால் தெற்குப் பார்த்து 13 டிகிரி சாய்வு.

வளர இடம் விடுங்கள்

1977-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் கொடுங்கையூர், வில்லிவாக்கம், அரும்பாக்கம் மூன்று இடங்களில் முழு வீட்டுக்குப் பதில் மனையும் அடிப்படை வசதிகளும் கொடுத்தார்கள். வீட்டை மக்கள் தங்கள் வேகத்தில் கட்டிக்கொண்டார்கள். கொடுங்கையூரில் இன்று நடந்து பாருங்கள், அந்தச் சின்ன மனைகளில் கீழே கடை, மேலே வாடகை என்று நிற்கிறது. சிலி நாட்டில் இக்கிக்கே நகரில் கட்டடக்கலைஞர் அலெஹாந்திரோ அரவேனா பாதி வீடு கட்டிக் கொடுத்து மீதியைக் குடும்பங்களுக்கு விட்டதை உலகமே பாராட்டியது. எங்கள் தாத்தாக்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆகவே அடித்தளத்தையும் தூண்களையும் ஒரு மாடிக்குச் சேர்த்துப் போடுங்கள். மாடிப்படி எங்கே வரும் என்று முடிவு செய்து அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். தூணிலிருந்து மேலே நீட்டி விடுகிற கம்பியை சிமென்ட் குறைவாகக் கலந்த மெலிந்த கான்கிரீட்டால் மூடுங்கள். சென்னை மொட்டைமாடிகளில் மாடிக்குக் காத்திருந்து துருப்பிடித்த கம்பிகளை எண்ணி முடியாது. எந்தச் சுவரை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சுவரிலேயே சின்னதாக ஓர் அடையாளம் போட்டு, வரைபடத்தின் ஒரு பிரதியை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருப்பார்கள்.

திரும்பிப் போங்கள்

சாவி கொடுத்த அன்று எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது கார்த்திகை மாதம், நல்ல மழை பிடித்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் போங்கள். டார்ச், சாக்பீஸ், அளவு நாடா போதும். கழிப்பறையில் தண்ணீர் திரும்பி வந்ததா, மேற்குச் சுவர் ஓதம் ஏறியதா, ஜன்னல் வலை கிழிந்ததா, தையல் மெஷின் நீங்கள் நினைத்த இடத்தில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நின்றிருக்காது, ஏன் நகர்த்தினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வியாசர்பாடி வழியாகத் திரும்பினால் பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடையில் நிறுத்துங்கள்.